படித்த படிப்பு வீணாயிற்றா?

சென்ற மாதம் ஒரு கல்லூரியின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தேன். தலைமை வகித்த பெரியவர், அக்கல்லூரியிற் கற்று உயர்நிலை எய்திய பழைய மாணாக்கரை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்தார். வைத்தியர், பொறியியலாளர், நீதிபதி என்று வரிசை நீண்டது. இடையில் ஒருவரைக் குறித்து, "அவரும் டொக்டருக்குத்தான் படித்தார், கெட்டிக்காரர். ஆனால் இப்பொழுது நோயாளிகளைப் பார்ப்பதில்லையாம், எலிகளைப் பார்க்கிறாராம்" என்றார். சபையிலே நல்ல சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெற்றார் ஒருவர், "படித்த படிப்பு வீண்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது. அதற்குக் காரணம் உண்டு, பின்னர் சொல்வேன்.

வைத்தியம் கற்ற ஒருவர் கட்டிலருகை விட்டு ஆய்வுகூடம் புகுந்தால் அவர் நோயாளியைக் கைவிட்டார் என்பது நம்மவர் கொள்கை. அது பிழையான கொள்கை என்பது என் துணிபு. இதனை வெறும் வாதமாகச் சொன்னால் எடுபடாது. ஆகவே இருவருடைய வரலாற்றைச் சொல்கிறேன். அவர்கள் பெயரை நம்மில் அநேகர் அறியோம். ஆயினும் அவர்கள் கண்ட உண்மையின் பயனை, ஐம்பது வயது கடந்த நம்மில் பலர் இரவுதோறும் ஒரு குளிசையாகத் தண்ணீரோடு விழுங்குகிறோம். நானும் அவர்களுள் ஒருவன்.

1966ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் உள்ள மாசச்சூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் இரண்டு இளைஞர் பயிற்சி வைத்தியராகச் சேர்ந்தனர். ஒருவர் ஜோசப் கோல்ட்ஸ்டைன். தென் கரோலைனா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் துணிக்கடை வைத்திருந்தவர்களின் ஒரே மகன். டல்லாஸ் நகரில் வைத்தியம் கற்றவர். மற்றவர் மைக்கேல் பிரௌண். துணி விற்பனை முகவர் ஒருவரின் மகன். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் கற்றவர். உறக்கமற்ற இரவுகளும் ஓயாத வேலையுமாகக் கழியும் அந்தப் பயிற்சிக்காலத்தில் இருவரும் நண்பராயினர். நம்மூர் வைத்தியசாலைகளிலும் இத்தகைய நட்புகள் அரும்புவதுண்டு. அவை பெரும்பாலும் பிற்காலத்துத் திருமண அழைப்பிதழோடு நின்றுவிடும்.

அது வியட்னாம் போர் நடந்த காலம். அமெரிக்காவில் இளம் வைத்தியர்களுக்கும் கட்டாய இராணுவ சேவை இருந்தது. அரசின் பொதுச் சுகாதார சேவையிற் சேர்ந்து பெதெஸ்டா என்னும் ஊரிலுள்ள தேசிய சுகாதார நிறுவகத்திற் பணிபுரிந்தால் அது அந்தச் சேவைக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. 1968ஆம் ஆண்டில் இருவரும் அங்கே சென்றனர். அதே ஆண்டில் அங்கு சேர்ந்த மற்றுமிருவர் ஹரல்ட் வார்மஸ், றொபேட் லெப்கோவிட்ஸ் என்போர். இந்நால்வரும் பின்னர் நோபல் பரிசு பெற்றனர். இலக்கிய அன்பர்கள் மகிழ்தற்கு ஒரு செய்தி: வார்மஸ் வைத்தியம் கற்பதற்கு முன் ஆங்கில இலக்கியத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றவர். அவர் இலக்கியத்தை விட்டபோதும் யாராவது, "படித்த படிப்பு வீண்" என்று சொல்லியிருப்பார்கள்.

நிற்க. பெதெஸ்டாவில் கோல்ட்ஸ்டைன் இரண்டு இடங்களிற் காலூன்றி நின்றார். ஓரிடம், பரம்பரை இரகசியத்தின் குறியீட்டை வாசித்தறிந்த நிரென்பேர்க்கின் ஆய்வுகூடம். மற்றையது, டொனல்ட் பிரெட்ரிக்சன் என்னும் வைத்தியப் பேரறிஞரின் பராமரிப்பில் இருந்த இருதய நோயாளர் பகுதி. அங்கேதான் அவர் அந்தக் குழந்தைகளைக் கண்டார்.

அவர்களுடைய நோய் பரம்பரையாய் வருவது. நோர்வே நாட்டு வைத்தியர் கார்ல் மியூலர் 1930களின் பிற்பகுதியில் அதனைத் தெளிவாக விவரித்திருந்தார். பெற்றாருள் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குறையைப் பெற்றவருக்கு நாற்பது, ஐம்பது வயதளவில் மாரடைப்பு வரக்கூடும். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தை, பத்து இலட்சத்தில் ஒன்று. அதற்கோ பிறந்த நாள் முதலே குருதியிற் கொலஸ்ட்ரோல் பெருகி நிற்கும். நூறு மில்லிலீற்றரில் இருநூறு மில்லிகிராமைத் தாண்டினாலே நாம் கலங்குகிறோம். இக்குழந்தைகளுக்கு அது அறுநூற்றைம்பது முதல் ஆயிரம் வரை இருக்கும். முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் தோன்றும். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே மாரடைப்பு வரும். கொழுப்புணவை நிறுத்தினாற் பெரும்பயன் இல்லை. அக்காலத்தில் வைத்தியர் செய்யக்கூடியது மிகச் சிறிது.

முதியவர் மாரடைப்பால் இறந்தால் வயதையும் உணவையும் புகையிலையையும் குற்றஞ்சொல்லி அமையலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு எதைச் சொல்வது? அது புகைத்ததில்லை; உத்தியோகக் கவலை கொண்டதில்லை. கொலஸ்ட்ரோல் ஒன்றே போதும் இருதய நாடிகளை அடைக்க என்று அக்குழந்தைகளின் உடல் சொல்லிற்று. ஏன் பெருகுகிறது என்ற வினா கோல்ட்ஸ்டைனைப் பற்றிக்கொண்டது. பக்கத்து ஆய்வுகூடத்தில் நொதியங்களின் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்த நண்பர் பிரௌணையும் பற்றிக்கொண்டது. இந்த வினா புத்தகத்திலிருந்து வந்ததன்று; கட்டிலிலிருந்து வந்தது. இரசாயனம் மட்டும் கற்றவரின் கண்முன் அக்குழந்தைகள் இருந்திருக்கமாட்டார்கள். வைத்தியம் மட்டும் கற்றவர் கண்டிருப்பார், இரங்கியிருப்பார், அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

இருவருக்கும் கலாநிதிப் பட்டம் இல்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். கொல்லன் பட்டறையிற் பையன் தொழில் பழகுவதுபோல, மூத்த ஆய்வாளரின் மேசையருகே நின்றே ஆய்வுத் தொழிலைப் பழகினர்.

பின்னர் இருவரும் சிறிது காலம் பிரிந்தனர். பிரௌண் 1971இல் டல்லாஸ் சென்றார். கோல்ட்ஸ்டைன் சியாற்றில் நகரில், ஆர்னோ மொட்டுல்ஸ்கி என்னும் பரம்பரையியல் அறிஞரோடு, மாரடைப்புக்குத் தப்பிய ஐந்நூறு பேரையும் அவர்கள் குடும்பங்களையும் ஆராய்ந்து, 1972இல் டல்லாசுக்கு மீண்டார். மாணவராயிருந்த காலத்திலேயே அவரைக் கணித்து, "பரம்பரையியல் கற்று வந்தால் உமக்கு இங்கே ஒரு பகுதி காத்திருக்கும்" என்ற கருத்தில் வாக்களித்திருந்தவர் அங்கு வைத்தியத்துறைத் தலைவராயிருந்த டொனல்ட் செல்டின். மாணாக்கனைப் போகவிட்டு, அவன் திரும்பிவர ஒரு வாசலையும் திறந்துவைத்த அந்த ஆசிரியரை நினைக்கும்போது எனக்குப் பொறாமையும் வெட்கமும் ஒருங்கே தோன்றுகின்றன.

டல்லாசில் அவர்கள் செய்த சோதனையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரோல் நீரிற் கரையாதது. ஆகவே அது புரதம் போர்த்த நுண்ணிய துணிக்கைகளாகக் குருதியிற் பயணஞ் செய்யும். இரத்தப் பரிசோதனைத் தாளில் எல்.டி.எல். என்று நாம் காண்பது அத்துணிக்கைகளுள் ஒருவகை. அன்றியும், உடற்கலங்கள் கொலஸ்ட்ரோலைத் தாமே உண்டாக்கவும் வல்லன. அத்தொழிலின் வேகத்தை ஒரு நொதியம் ஆளுகிறது. நோயாளரிடம் அந்த நொதியம் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது, பழுது அங்கேயே என்று இருவரும் முதலில் எண்ணினர்.

நோயாளரின் தோலிற் சிறு துண்டெடுத்து, அதன் கலங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தனர். ஈரலின் தொழிலைத் தோலில் தேடுவதா என்ற ஐயம் எவருக்கும் எழும், ஆயினும் தேடினர். சுகதேகியின் கலங்களுக்கு எல்.டி.எல். ஊட்டியபோது, "வெளியிலிருந்து வருகிறது, நாம் உண்டாக்க வேண்டியதில்லை" என்று அறிந்தாற்போல நொதியம் அடங்கிற்று. நோயாளரின் கலங்களிலோ எவ்வளவு ஊட்டினும் அடங்கவில்லை. அவர்கள் எண்ணியது சரிதான் என்று தோன்றியது. பின்னர்க் கொலஸ்ட்ரோலைத் துணிக்கையாக அல்லாமல், மதுசாரத்திற் கரைத்து நேரே ஊட்டிப் பார்த்தனர். அப்பொழுது நோயாளரின் கலங்களிலும் நொதியம் அடங்கிவிட்டது.

ஆகவே நொதியத்திற் பழுதில்லை. பழுது வாசலில். கொலஸ்ட்ரோல் உள்ளே வந்தாற் கலம் அதனை அறிகிறது, ஆனால் எல்.டி.எல். உள்ளே வர வழியில்லை. கதிர்வீசும் அயடீனால் அடையாளமிட்ட எல்.டி.எல். துணிக்கைகளை ஊட்டி நோக்கியபோது, சுகதேகியின் கலங்களில் அவை இறுகப் பற்றின. நோயாளரின் கலங்களிற் பற்றவில்லை. கலத்தின் மேற்பரப்பிலே இத்துணிக்கைகளைப் பிடித்து உள்ளே கொண்டுசெல்லும் ஒரு வாங்கி உண்டென்றும், இந்நோயாளருக்கு அஃது இல்லை அல்லது பழுதுற்றது என்றும் 1974இல் வெளியிட்டனர். தாம் முதலில் எண்ணியது பிழையென்று காட்டிய சோதனையைத் தாமே செய்து, அந்தப் பிழையின் வழியாகவே உண்மையை அடைந்தனர் என்பதை விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பிற் சொல்லலாம்.

ஒரு சிறுவனின் கலங்கள் அவர்களைப் பெரிதும் மயக்கின. அவனுக்கும் அதே நோய். ஆயின் அவன் கலங்களில் எல்.டி.எல். பற்றியது, உள்ளே மட்டும் போகவில்லை. இங்கே மூன்றாமவர் ஒருவர் தேவைப்பட்டார். றிச்சட் அன்டர்சன் என்னும் இலத்திரன் நுணுக்குக்காட்டி நிபுணர் அதே நகரில் இருந்தார். கலத்தின் மேற்பரப்பில் அங்கங்கே சிறு குழிகள் உண்டு. மேற்பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கே அவற்றின் பரப்பு. வாங்கிகளிற் பெரும்பாலானவை அக்குழிகளிலேயே கூடி நிற்பதையும், குழி உள்வாங்கிப் பையாகிக் கலத்தினுட் செல்வதையும் அவர் கண்டார். இச்சிறுவனின் வாங்கிகளோ குழிகளிற் கூடாமற் சிதறிக் கிடந்தன. வாங்கியின் 839 அமினோவமிலங்களுள் ஒன்றே ஒன்று மாறியிருந்தமையே அதற்குக் காரணம் என்பது 1986இல் வெளியாயிற்று. அக்குழிகளை 1964இலேயே வேறிருவர் விவரித்திருந்தனர். எங்கே என்றால், நுளம்பின் முட்டைக்கலத்தில்! நுளம்பைப் பார்த்தவரையும் அக்காலத்தில் யாரேனும் நகைத்திருப்பார்கள்.

ஈரலிலேதான் வாங்கிகள் மிகுதி என்பதற்கு ஒரு சிறுமி சான்றானாள். 1984ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பிற்ஸ்பேர்க் நகரில், இந்நோயுற்ற ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஈரலும் இருதயமும் ஒருங்கே மாற்றப்பட்டன. உலகில் அத்தகைய சத்திரசிகிச்சை அதுவே முதலாவது. புதிய ஈரலின் வாங்கிகள் தொழிற்பட, அவளுடைய கொலஸ்ட்ரோல் வெகுவாக இறங்கிற்று. அவள் 1990 வரை வாழ்ந்தாள்.

இனிக் குளிசைக்கு வருவோம். அதனைக் கண்டவர்கள் டல்லாஸ் நண்பர்கள் அல்லர். ஜப்பானிலே அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, நான் முற்கூறிய நொதியத்தைத் தடுக்கும் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்து 1976இல் வெளியிட்டார். அப்பொருளைத் தருவித்து ஆராய்ந்த டல்லாஸ் நண்பர்கள், எண்டோவோடு சேர்ந்தும் எழுதினர். கலம் தான் உண்டாக்கும் கொலஸ்ட்ரோலைத் தடுத்தால், தட்டுப்பாடு நீக்க அது மேலும் வாங்கிகளை உண்டாக்கிக் குருதியிலுள்ளதை இழுத்துக்கொள்ளும் என்று காட்டினர். அக்குளிசை வேலைசெய்யும் விதம் இவ்வாறு துலங்கிற்று. இவ்வகையில் முதலாவது மருந்து 1987இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 1994இல் வட ஐரோப்பிய நாடுகள் ஐந்தில் 4,444 இருதய நோயாளரிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தது: அதே வகை மருந்தொன்றை உண்டவரிடையே மரணம் நூற்றுக்கு முப்பது வீதம் குறைந்திருந்தது. எந்த வைத்தியர், எத்தனை ஆண்டு, எத்தனை பேரைத் தொட்டுப் பார்த்து இவ்வளவு உயிரைக் காத்திருக்க முடியும்?

1985இல் கோல்ட்ஸ்டைனும் பிரௌணும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரிசின் பின் பலர் பிரிவர், இவர்கள் பிரியவில்லை. இரண்டாயிருந்த ஆய்வுகூடங்களை முன்னரே ஒன்றாக்கியிருந்தனர். பின்னும் பல பத்தாண்டுகள் அவ்வொன்றிலேயே வேலைசெய்தனர். அவர்களின் கட்டுரைகளைப் பார்த்தால் சிலவற்றில் ஒருவர் பெயர் முன்னிற்கும், சிலவற்றில் மற்றவர் பெயர் முன்னிற்கும். அவர்களிடம் பழகிய ஹெலன் ஹொப்ஸ் என்னும் வைத்தியர், ஜொனதன் கோகனோடு சேர்ந்து, அந்த வாங்கியை அழிக்கும் புரதம் ஒன்று குன்றிய மனிதருக்கு எல்.டி.எல். குறைவென்றும் இருதய நோய் அரிதென்றும் 2005, 2006ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அப்புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2015இல் வந்தன.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. இன்சுலினைக் கண்ட ரொறன்ரோ நகரத்து வைத்தியர் பான்டிங்குக்கும் அங்கிருந்த பேராசிரியர் மக்லியோட்டுக்கும் 1923இல் நோபல் பரிசு கிடைத்தது. மக்லியோட்டோடு பகிர நேர்ந்ததிற் பான்டிங் வெகுண்டார். தம் பங்கிற் பாதியை உதவியாளர் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மக்லியோட் தம் பங்கிற் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். நால்வரும் இல்லாமல் இன்சுலின் நோயாளியின் உடலிற் சேர்ந்திராது. ஆயினும் "யார் கண்டது?" என்ற வழக்கு அவர்கள் ஆயுள் முடியும்வரை முடியவில்லை.

நம் பள்ளிக்கூடங்கள் பான்டிங்குகளை வளர்க்கின்றனவா, பிரௌண்களையும் கோல்ட்ஸ்டைன்களையும் வளர்க்கின்றனவா? முப்பத்துநான்கு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: வகுப்பில் முதலாம் பிள்ளை ஒருவர்தாம். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பது குற்றம். தன் கொப்பியைக் காட்டுவது முட்டாள்தனம். புள்ளி தனித்தனி, பரிசு தனித்தனி, புகைப்படம் தனித்தனி. இவ்வாறு பத்தொன்பது வயதுவரை வளர்த்த பிள்ளையிடம், "மற்றவரோடு சேர்ந்து சிந்தி; உன் கருத்து பிழையென்று நண்பன் காட்டினால் நன்றி சொல்" என்றால் அவன் திகைப்பான். வைத்தியக் கல்லூரிக்கு நாம் கெட்டிக்காரரை அனுப்புகிறோம். கூடி உழைக்கத் தெரிந்தவரை அனுப்புவதில்லை.

என் கருத்துக்கு மறுப்பு உண்டென்பதை மறைக்கமாட்டேன். டல்லாசில் அரசின் பணம் இருந்தது; கருவி இருந்தது; வைத்தியர் பஞ்சம் நம்மூர்போல் இல்லை. ஒரு சிற்றூருக்கு ஒரே வைத்தியர் என்றால், அவர் ஆய்வுக்குப் போவது அவ்வூருக்கு ஒரு மரண ஓலை. இதனை நான் புத்தகத்திற் படித்தறியவில்லை.

1988ஆம் ஆண்டு. வைத்தியப் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளே ஆன என் பழைய மாணாக்கன் ஒருவன் ஒரு மாலைவேளை வீட்டுக்கு வந்தான். குருதி நோய்கள் பற்றி ஆராய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. தந்தை போக வேண்டாம் என்றார், தாய் அழுதாள், என்னிடம் கேட்க வந்தான். போர்க்காலம். வைத்தியர்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். "நீயும் போனால் இந்தச் சனத்தை யார் பார்ப்பது? ஆராய்ச்சி செய்ய உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. போகவுமில்லை. பின்னர் வந்த கொடிய ஆண்டுகளில் மருந்தில்லாத வைத்தியசாலையில் அவன் எத்தனை பேரைப் பிழைக்கவைத்தான் என்பதை ஊர் அறியும். அவன் போயிருந்தால் எதைக் கண்டிருப்பான் என்பதை ஒருவரும் அறியார்.

அவன் என்று எழுதிவிட்டேன். இப்பொழுது அவர் ஓய்வுபெற்ற மூத்த வைத்தியர். எனக்கு வைத்தியம் பார்ப்பவரும் அவரே. அவருடைய மகளும் வைத்தியம் கற்றுத் தேறியவள். ஆய்வுகூடம் ஒன்றிற் சேர அவளுக்கு இடங்கிடைத்திருக்கிறது. வருகிற மாதம் புறப்படுகிறாள். பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு நாட்களின் பின் அவரிடம் போயிருந்தபோது அச்செய்தியைச் சொன்னார். உறவினர் ஒருவரேனும் அவளை வாழ்த்தவில்லையாம். நான் மேலே எழுதியவற்றையெல்லாம் அவருக்கு ஒரு மணிநேரம் எடுத்துரைத்தேன். அவற்றிற் பாதி அவருக்கு என்னிலும் நன்றாகத் தெரியும். ஆயினும் பழைய மாணாக்கரின் பணிவோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "அப்படியானால் சேர், நான் அன்றைக்கு நின்றது பிழையா?" என்று கேட்டார்.

அவர் முகத்திற் கோபம் இல்லை. விடை அறிய விரும்பியே கேட்டார். நான் வாய் திறந்தேன், சொல் வரவில்லை. அவர் சிறிது நேரம் காத்திருந்தார். பின்னர் மேசையிலிருந்த தாளை எடுத்து, அடுத்த மாதத்துக்குரிய என் குளிசையை எழுதி நீட்டினார்.